நாற்பதுக்கு மேலும் தொழில் படிக்கலாம்

1991-ல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் வந்தபோது புதுக்கோட்டைப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். பலர் பிள்ளை பெற்றவர்கள், கல்லுடைத்தவர்கள். அதே ஊரில் "இந்த வயசுல என்ன படிப்பு?" என்று யாரும் தயங்க வேண்டாம்.

● அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐ.டி.ஐ.) பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. ஆண்கள் 40 வரை சேரலாம். கல்விக் கட்டணம் கிடையாது. சேர்வதற்கு முன் பட்டறையைப் பார்த்துவிட்டு வாருங்கள். வெல்டிங் போன்ற பிரிவென்றால் சூடும் இரைச்சலும் ஒத்துக்கொள்ளுமா என்பது அங்கேதான் தெரியும்.

● ஐ.டி.ஐ. படிப்புக்கு முழுதாக ஓராண்டு ஒதுக்க முடியாதவர்களுக்கு ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம்தான் என் முதல் சிபாரிசு. பயிற்சி, சாப்பாடு இரண்டும் இலவசம். முடித்த பிறகு வங்கிக் கடனுக்கும் வழிகாட்டுவார்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தக நகல்களைத் தயாராக வைத்திருங்கள்.

● ஆலங்குடி பக்கம் வம்பனில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. காளான் வளர்ப்பு போன்ற பயிற்சிகளின் தேதியைப் போனில் கேட்டுக்கொண்டு போங்கள். காளான் வளர்க்க வேகவைத்த வைக்கோலைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது, கையில் ஈரம் மட்டும் தெரிய வேண்டும். இந்தப் பக்குவம் வீடியோ பார்த்து வராது, கைபட்டால்தான் வரும். வீட்டில் முதலில் நாலைந்து காளான் பை மட்டும் போட்டுப் பாருங்கள். விற்க ஆள் கிடைத்த பிறகு கொட்டகை போடலாம், கடனும் அப்போது வாங்கலாம்.