தரையில் நிற்கும் ஹெலிகாப்டர்

வானில் பறக்கும் ஹெலிகாப்டரை அண்ணாந்து பார்த்து வியக்காதவர் யார்? ஆனால் அது தரையில் இறங்கிய பின்னரும், இறக்கைகள் சுழன்றுகொண்டிருக்கும் வரை ஆபத்து நீங்குவதில்லை. 2023 ஏப்ரல் 23 அன்று கேதார்நாத் ஹெலிகாப்டர் தளத்தில் வால் இறக்கை தாக்கி ஒருவர் உயிரிழந்தார். அவர் விவரமறியாத யாத்ரீகர் அல்லர். விமானப் போக்குவரத்துத் துறையின் அதிகாரி. இவ்வாபத்தின் காரணங்களை நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலே விளக்குகிறது.

மேலுள்ள பெரிய இறக்கைகள் ஒரு திசையில் சுழலும்போது, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி உடற்பகுதி எதிர்த்திசையில் சுழல முற்படும். அதைத் தடுப்பதே வால் விசிறியின் வேலை. பெல் 206 என்னும் சிறிய ஹெலிகாப்டரில் வால் விசிறியின் விட்டம் 1.65 மீட்டர், அது நிமிடத்திற்குச் சுமார் 2,500 முறை சுழல்கிறது. கணக்கிட்டுப் பார்த்தேன்: நுனியின் வேகம் மணிக்கு 770 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது! அதன் இரண்டு இறக்கைகளும் சேர்ந்து ஓர் இடத்தை விநாடிக்கு 80 தடவைக்கு மேல் கடக்கின்றன. நம் கண்ணால் இதைப் பின்தொடர இயலாது. மெல்லிய புகைபோல் தெரியும், சில வேளை தெரியவே தெரியாது. அதுவோ ஆள் உயரத்தில் சுழல்கிறது. விமானி தம் இருக்கையிலிருந்து அதைப் பார்க்கவும் முடியாது.

மேல் இறக்கைகளின் இயல்பு வேறு. அவை மெதுவாகச் சுழலும்போதுதான் அதிக எச்சரிக்கை தேவை. முழு வேகத்தில் மையவிலக்கு விசை அவற்றை விறைப்பாக நிறுத்துகிறது. வேகம் குறையக் குறைய அவை தொய்கின்றன. பலத்த காற்றடித்தால் மேலும் தாழ்ந்துவிடும்.

மூன்றாவது, கீழ்நோக்கி வீசும் காற்று. 1,450 கிலோகிராம் எடையுள்ள பெல் 206 அந்தரத்தில் நிற்க, மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கீழே தள்ளவேண்டும். தொப்பி, துண்டு, தார்ப்பாய் ஆகியவை பறந்து இறக்கையில் சிக்கினால் விபரீதமே.

ஆகவே நினைவிற்கொள்ள வேண்டியவை:

1. விமானியோ தளப் பணியாளரோ சைகை காட்டும்வரை நெருங்கக் கூடாது.

2. விமானியின் பார்வையில் படுமாறு, அவர்கள் காட்டும் வழியிலேயே குனிந்து செல்லவேண்டும். வால் பக்கம் ஒருபோதும் போகலாகாது.

3. சரிவான நிலத்தில் தாழ்ந்த பக்கமாகவே வந்துபோக வேண்டும். மேட்டுப் பக்கத்தில் இறக்கைக்கும் தலைக்கும் இடைவெளி குறைவு.

4. கம்பு, குடை போன்ற நீண்ட பொருள்களைத் தோளில் சாய்க்காமல், இடுப்புக்குக் கீழே படுக்கை வசமாகப் பிடிக்கவேண்டும்.

5. பறக்கும் ஹெலிகாப்டரிலிருந்து தொங்கவிடும் கயிற்றின் கொக்கி தரையைத் தொடும்முன் அதைப் பிடிக்கக் கூடாது. அதில் தேங்கிய நிலைமின்சாரம் நம்மைத் தாக்கும்.

இவை நமக்கெதற்கு என்று நண்பர்கள் எண்ணவேண்டாம். 2015-இல் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வெள்ளத்தில் தவித்தவர்க்கு ஹெலிகாப்டர்கள் உணவு கொண்டுவந்தன. பசித்த மக்கள் அதை நோக்கி ஓடத்தான் செய்வர். அவர்களைத் தடுத்து நிறுத்தும் பணி நாளை நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களாகிய நமக்கே வரலாம். அப்போது, “வால் பக்கம் போகாதீர்கள்” என்று உரக்கச் சொல்ல ஒருவர் இருந்தாலும் ஓர் உயிர் பிழைக்கும். படித்த இயற்பியலுக்கு அதைவிடப் பெரிய பயன் வேறென்ன?