வெண்ணெய்ப் பழப் பானம்: இனிப்பு நம் கையில்

தெரிந்த பழமும் புதிய பழமும்

நாராயணவனம் ஒரு சிற்றூர். புத்தூருக்கு அருகில் இருக்கிறது. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரல் மாதம் முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. இங்கே கல்யாண வெங்கடேசுவரர் கோயில் உண்டு. தறி ஓசையும் உண்டு. சுற்றுவட்டாரத்தில் மாந்தோப்புகள் உண்டு.

இந்தப் பக்கத்து மக்களுக்குப் பழம் புதிதல்ல. கோடையில் மாம்பழம் வரும். வாழைப்பழம் ஆண்டு முழுவதும் கிடைக்கும். கொய்யா, சப்போட்டா, சீத்தாப்பழம் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது நகரத்துக் கடைகளில் இன்னொரு பழம் இருக்கிறது. பார்க்கப் பச்சையாக இருக்கும். பேரிக்காய் போன்ற வடிவம். வெட்டினால் நடுவில் ஒரே ஒரு பெரிய கொட்டை. சதை இளமஞ்சளாக இருக்கும். அது இனிக்காது, புளிக்காது. வெண்ணெய் போல வழுவழுப்பாக இருக்கும்.

அதனால்தான் அதற்கு வெண்ணெய்ப் பழம் என்று பெயர். கடைகளில் பட்டர் ஃப்ரூட் என்பார்கள். தெலுங்கில் வென்ன பண்டு என்பார்கள். இலங்கைத் தமிழர்கள் ஆனைக்கொய்யா என்பார்கள். ஆங்கிலப் பெயர் அவகாடோ.

பழம் வந்த வழி

வெண்ணெய்ப் பழத்தின் தாய்நாடு மெக்சிகோவும் அதை அடுத்த நாடுகளும் ஆகும். இவை அமெரிக்கக் கண்டத்தில் இருக்கின்றன. நாம் உண்ணும் மிளகாய், கொய்யா, சப்போட்டா, சீத்தாப்பழம் ஆகியவையும் அந்தக் கண்டத்திலிருந்து வந்தவைதான். அவை வந்து வெகு காலம் ஆகிவிட்டது. அதனால் நம் பழங்கள் ஆகிவிட்டன. வெண்ணெய்ப் பழம் பிறகு வந்தது.

தமிழ்நாட்டில் பழனி மலையின் கீழ்ப்பகுதிகளில் இது விளைகிறது. காப்பித் தோட்டங்களின் நடுவே இந்த மரங்களைக் காணலாம். திண்டுக்கல் மாவட்டம் தடியன்குடிசையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அங்கே டி.கே.டி. 1 என்ற வெண்ணெய்ப் பழ வகையை உருவாக்கினார்கள். கர்நாடகத்தில் குடகு மலையிலும் இந்தப் பழம் விளைகிறது.

மெக்சிகோ மக்கள் இதை உப்பு, மிளகாய், வெங்காயம், எலுமிச்சைச் சாறு சேர்த்து மசித்து உண்கிறார்கள். அது நம் துவையல் போன்றது.

பிலிப்பைன்ஸ் நாட்டில் வழக்கம் வேறு. அது கிழக்கே கடலில் இருக்கும் தீவு நாடு. அங்கே இந்தப் பழத்தை அபுகாடோ என்கிறார்கள். பழத்தைக் கரண்டியால் மசிக்கிறார்கள். பாலும் சர்க்கரையும் சேர்க்கிறார்கள். நொறுக்கிய பனிக்கட்டி போட்டுக் குடிக்கிறார்கள். பலர் டின்னில் வரும் கெட்டிப் பாலையும் ஊற்றுகிறார்கள். வெயில் மிகுந்த நாட்டில் பச்சைப் பால் விரைவில் கெட்டுவிடும். சர்க்கரை சேர்த்த டின் பால் கெடாமல் இருக்கும். அதனால் அந்தப் பழக்கம் அங்கே வேரூன்றியது.

நம் ஊர் ஜூஸ் கடையில் கிடைக்கும் பட்டர் ஃப்ரூட் ஜூஸும் இதே வகைதான். பழம், பால், சர்க்கரை மூன்றும் சேர்ந்த பானம் அது.

டின்னில் இருந்த எண்

நாராயணவனத்தில் ஒரு நெசவாளர் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஐந்து பேர். மாமியாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. மருமகள் சென்ற ஆண்டுதான் எழுதப் படிக்கக் கற்றாள். பெரிய மகள் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். மகனுக்கு நான்கு வயது.

கணவன் சேலைகளைக் கொடுக்கச் சென்னைக்குப் போனான். திரும்பும்போது இரண்டு வெண்ணெய்ப் பழங்களும் ஒரு டின் கெட்டிப் பாலும் வாங்கி வந்தான்.

"கடையில ஒரு கிளாஸ் குடிச்சேன். ரொம்ப நல்லா இருந்துச்சு. நம்ம வீட்டுலயே செய்யலாம்னு வாங்கியாந்தேன்" என்றான்.

மாமியார் டின்னைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது பாலுதானே? எனக்கும் ஒரு டம்ளர் குடும்மா" என்றாள்.

"கொஞ்சம் இருங்க அத்தை. இதுல என்னமோ எழுதியிருக்கு" என்றாள் மருமகள்.

டின்னின் மேல் சிறிய எழுத்தில் ஒரு கட்டம் இருந்தது. சொற்கள் ஆங்கிலத்தில் இருந்தன. மகள் அவற்றைப் படித்துச் சொன்னாள். எண்களை மருமகள் தானே படித்தாள். 'சுகர்' என்ற சொல்லுக்கு எதிரே 54 கிராம் என்று இருந்தது. மேலே '100 கிராமில்' என்று இருந்தது.

"நூறு கிராம் எடுத்தா அதுல பாதிக்கு மேல சர்க்கரையா?" என்றாள் மருமகள். மண்பலகையில் கணக்குப் போட்டாள். 50 கிராம் கெட்டிப் பால் ஊற்றினால் 27 கிராம் சர்க்கரை. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை சுமார் 4 கிராம். அப்படியானால் கிட்டத்தட்ட ஏழு தேக்கரண்டி!

"ஏழு கரண்டியா! டீயிலகூட ஒரு கரண்டிதானே போடறேன். அதையும் டாக்டர் விடச் சொன்னாரே" என்றாள் மாமியார்.

கணவன் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கடையில எத்தனை கரண்டி போட்டாங்கன்னு நான் பாக்கவே இல்லையே" என்றான்.

"அங்க நம்மளால பாக்க முடியாது. இங்க நாமதானே போடப்போறோம்" என்றாள் மருமகள்.

ஏன் இந்தக் கணக்கு?

வெண்ணெய்ப் பழத்தில் சர்க்கரை மிகக் குறைவு. 100 கிராம் சதையில் ஒரு கிராம்கூட இருக்காது. ஆனால் கொழுப்பு சுமார் 15 கிராம் உண்டு. அதில் பெரும்பகுதி நல்ல வகைக் கொழுப்பு. நார்ச்சத்தும் பொட்டாசியம் என்ற சத்தும் உண்டு. 100 கிராம் சதை சுமார் 160 கலோரி சக்தி தரும். வயிறு நிறையும்.

ஆகவே இந்தப் பானத்தில் இருக்கும் இனிப்பு பழத்தின் இனிப்பு அல்ல. நாம் சேர்க்கும் இனிப்பு.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அந்த ஆய்வில் பங்கு கொண்டது. உணவில் சேர்க்கும் சர்க்கரை நாள் ஒன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. அதாவது சுமார் 6 தேக்கரண்டி. டீ, காப்பியில் போடும் சர்க்கரையும் இதில் அடங்கும்.

பழத்தைப் பழுக்க வைப்பது

வெண்ணெய்ப் பழம் மரத்தில் பழுப்பதில்லை. பறித்த பிறகுதான் பழுக்கும். கடையில் கல் போல இருந்தால் கவலை வேண்டாம். அரிசிப் பானையிலோ, காகிதப் பையிலோ வைக்கலாம். கூடவே பழுத்த வாழைப்பழம் ஒன்றை வைத்தால் விரைவில் பழுக்கும். சில நாட்கள் ஆகும். கார்பைட் கல் வைக்கக் கூடாது. பழத்தைக் கார்பைட் கல் கொண்டு பழுக்க வைப்பது சட்டப்படி குற்றம்.

பழுத்ததை எப்படி அறிவது? உள்ளங்கையில் வைத்து மெல்ல அழுத்துங்கள். சிறிது அமுங்கினால் பழுத்துவிட்டது. குழி விழுந்து கருத்திருந்தால் அழுகத் தொடங்கிவிட்டது.

செய்முறை

மூன்று டம்ளர் பானத்துக்கு வேண்டியவை:

பழுத்த வெண்ணெய்ப் பழம் – 1
காய்ச்சி ஆற வைத்த பால் – 2 டம்ளர்
சர்க்கரை அல்லது பொடித்த வெல்லம் – 3 தேக்கரண்டி
உப்பு – ஒரு சிட்டிகை

1. கையையும் பழத்தையும் நன்றாகக் கழுவுங்கள்.

2. பழத்தைப் பலகையில் வையுங்கள். கத்தியால் நீளவாக்கில் கொட்டையைச் சுற்றி வெட்டுங்கள். இரு பாதிகளையும் பிடித்துத் திருகினால் பிரிந்துவிடும்.

3. கொட்டையைக் கரண்டியால் எடுங்கள். கத்தி முனையால் குத்தி எடுக்காதீர்கள். வழுக்கிக் கையில் பட்டுவிடும்.

4. சதையைக் கரண்டியால் வழித்து ஒரு பாத்திரத்தில் போடுங்கள். சர்க்கரையும் உப்பும் சேர்த்து மசியுங்கள்.

5. பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கடையுங்கள். மிக்ஸி இருந்தால் ஒரு நிமிடம் போதும். மிக்ஸி இல்லாவிட்டால் மோர் கடையும் மத்தே போதும்.

6. உடனே குடியுங்கள்.

பாலைச் சூடாக ஊற்றாதீர்கள். பழத்தைச் சேர்த்த பிறகு அடுப்பில் வைக்காதீர்கள். சூடு பட்டால் இந்தப் பழம் கசக்கும்.

காற்றுப் பட்டால் சதை பழுப்பு நிறமாகும். பாதிப் பழம் மிஞ்சினால் அதன் மேல் எலுமிச்சைச் சாறு தடவுங்கள். மூடி வையுங்கள். அடுத்த நாளைக்குள் உண்டுவிடுங்கள்.

குளிர்ச்சி வேண்டுமா? காய்ச்சிய பாலை ஒரு பாத்திரத்தில் ஊற்றி மூடி, மண்பானைத் தண்ணீருக்குள் நிற்க வையுங்கள். கடையில் வாங்கும் பனிக்கட்டி எந்தத் தண்ணீரில் செய்தது என்று நமக்குத் தெரியாது. வயிற்றுப்போக்கு கெட்ட தண்ணீரால் வரும். வீட்டில் பனிக்கட்டி செய்தால் கொதித்து ஆறிய நீரில் செய்யுங்கள்.

இனிக்காத பானம்

மெக்சிகோ மக்கள் இதை உப்புப் போட்டு உண்பதைப் படித்தோம். அதே போல் நாமும் உப்புப் பானம் செய்யலாம்.

கால் பழத்தை மசியுங்கள். ஒரு டம்ளர் மோர் ஊற்றுங்கள். உப்பு, தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை மிளகுத்தூள் சேருங்கள். நன்றாகக் கடையுங்கள்.

நாம் நினைத்துக்கொண்ட வீட்டில் மாமியாருக்கு இதுதான் கிடைத்தது. குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் இனிப்புப் பானம். ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை.

"ஆயா, உன்னுது நல்லா இருக்கா?" என்று கேட்டான் பேரன்.

"உன்னுதைவிட நல்லா இருக்குடா. நீ கேக்காதே, தரமாட்டேன்" என்றாள் ஆயா.

கெட்டிப் பால் டின்னை யாரும் உடைக்கவில்லை.

கவனிக்க வேண்டியவை

ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். கெட்டிப் பால் தாய்ப்பாலுக்கு ஈடாகாது. ஆறு மாதத்துக்குப் பிறகு மசித்த பழம் சிறிது கொடுக்கலாம். இரண்டு வயது வரை அதில் சர்க்கரை சேர்க்க வேண்டாம்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு உண்ண வேண்டும். இந்தப் பழத்தில் பொட்டாசியம் அதிகம். அது அவர்களுக்கு ஆகாமல் போகலாம்.

தோலையும் கொட்டையையும் ஆடு, மாடு, கோழிக்குப் போடாதீர்கள். வெண்ணெய்ப் பழ மரத்தின் இலையையும் போடாதீர்கள். அவற்றில் உள்ள ஒரு நஞ்சு ஆடு மாடுகளின் மடியையும் இதயத்தையும் பாதிக்கும். பறவைகளையும் கொல்லும். தோலையும் கொட்டையையும் குழியில் போட்டு மண் தள்ளுங்கள்.

வெண்ணெய்ப் பழம் விலை அதிகமாக இருந்தால் விட்டுவிடுங்கள். இதே முறையில் வாழைப்பழத்தைக் கடையலாம். மாம்பழம், சப்போட்டாவையும் கடையலாம். அவற்றில் இயல்பாகவே இனிப்பு உண்டு. சர்க்கரை சேர்க்கவே தேவையில்லை. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் அவற்றை அளவோடுதான் உண்ண வேண்டும்.

கணக்குப் போடுவோம்

1. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை 4 கிராம். ஒருவர் நாள்தோறும் மூன்று டீ குடிக்கிறார். ஒவ்வொன்றிலும் 2 தேக்கரண்டிச் சர்க்கரை. ஒரு நாளைக்கு எத்தனை கிராம்?

2. அதன் மேல் 5 தேக்கரண்டிச் சர்க்கரை போட்ட ஒரு ஜூஸும் குடித்தால் மொத்தம் எத்தனை கிராம்? 25 கிராமைவிட எவ்வளவு அதிகம்?

பேசுவோம்

1. வெண்ணெய்ப் பழப் பானத்தின் இனிப்பு எங்கிருந்து வருகிறது?

2. பழத்தைச் சேர்த்த பின் ஏன் அடுப்பில் வைக்கக் கூடாது?

3. உங்கள் வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர் யார்? விருந்து நாளில் அவருக்குக் குடிக்க என்ன கொடுக்கிறீர்கள்?

செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டில் உள்ள பிஸ்கட் பொட்டலத்தையோ, குளிர்பானப் புட்டியையோ எடுங்கள். அதில் சர்க்கரையின் அளவு எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். சொல் புரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளையைக் கேளுங்கள். எண்ணை நீங்களே படியுங்கள். தயாரித்த தேதியையும், எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்பதையும் படியுங்கள். இவற்றை நோட்டில் எழுதி, அடுத்த வகுப்பில் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.