நெடுவாழ்வு: பிறப்புரிமையா? பழக்கமா?

முன்னுரை

நீண்ட நாள் வாழ வேண்டும் என்னும் வேட்கை மாந்தர் அனைவர்க்கும் பொதுவானது. ஒருவர் தொண்ணூறு வயது கடந்து நலமுடன் நடமாடக் கண்டால், "அது அவர்கள் குடும்ப வாகு" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மரபுக்கு ஒரு பங்கு உண்டு என்பதை மறுப்பார் இலர். ஆயினும் ஓர் ஊரின் பெரும்பான்மை மக்கள் நெடுநாள் வாழ்வதும் வாழாது போவதும் மரபினால் மட்டும் அமைகின்றனவா? இவ்வினாவிற்கு ஜப்பான் நாட்டின் இரு மாகாணங்கள் தெளிவான விடை தருகின்றன. ஒன்று, இருந்த புகழை இழந்த ஓக்கினாவா. மற்றொன்று, இல்லாத புகழை ஈட்டிய நகானோ. இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓக்கினாவாவின் பெருமை

ஜப்பானின் தென்கோடியில் அமைந்த தீவுக்கூட்டம் ஓக்கினாவா. சர்க்கரைவள்ளிக் கிழங்கு 1605ஆம் ஆண்டில் சீனத்திலிருந்து இங்கு வந்து சேர்ந்தது. புயலையும் வறட்சியையும் தாங்கி விளையும் அக்கிழங்கே பின்னர் ஏழை மக்களின் அன்றாட உணவாயிற்று. 1949ஆம் ஆண்டில்கூட அம்மக்கள் உணவினின்று பெற்ற ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இக்கிழங்கிலிருந்தே கிடைத்தது. இதனுடன் பாகற்காய், கீரை, கடற்பாசி, சோயா மொச்சையால் ஆகிய டோஃபு ஆகியவற்றை உண்டனர். இறைச்சி பெரும்பாலும் விழா நாள்களில் மட்டுமே இடம்பெற்றது. வெப்பமான நிலமாதலின், காய்களை உப்பிலிட்டுக் குளிர்காலத்திற்குச் சேமிக்கும் தேவையும் அங்குக் குறைவு.

"ஹரா ஹச்சி பு" என்பது அவர்தம் முதியோர் உண்ணுமுன் சொல்லும் தொடர். வயிறு எண்பது விழுக்காடு நிறைந்ததும் உண்பதை நிறுத்துக என்பது அதன் பொருள். வயிற்றை உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் என மூன்றாகப் பகுத்துக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதும், முன் உண்டது செரித்த பின்னரே அளவறிந்து உண்ண வேண்டுமென வள்ளுவர் "மருந்து" அதிகாரத்தில் கூறுவதும் ஈண்டு ஒப்பிட்டு எண்ணத்தக்கன.

"மொவாய்" என்னும் கூட்டமும் அவர்களிடையே உண்டு. அண்டை அயலார் சிலர் மாதந்தோறும் கூடி ஆளுக்குச் சிறு தொகை இடுவர், தேவைப்படுவார் பெற்றுக்கொள்வர். நம் ஊர்ச் சீட்டை ஒத்தது அது. பணத்தினும் பெரிதாக அது தருவது உறவு. முதுமையில் தனிமைத் துயர் அணுகாமல் காப்பது அவ்வுறவே.

இத்தகைய வாழ்க்கையின் பயனாக, ஓக்கினாவாவின் பெண்கள் 1975 முதல் 2005 வரை ஜப்பானின் 47 மாகாணங்களுள் சராசரி ஆயுளில் முதலிடம் வகித்தனர். 1985இல் ஆண்களும் முதலிடத்தில் இருந்தனர். நூறு வயது கடந்த முதியோரைப் பற்றிய ஆய்வு 1975இல் அங்குத் தொடங்கப்பெற்றது. உலகின் பார்வை அத்தீவுகளின்மேல் திரும்பியது.

சரிவும் காரணமும்

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945இல், அமெரிக்கப் படை ஓக்கினாவாவைக் கைப்பற்றியது. 1972 வரை ஆட்சி அமெரிக்கர் கையில் இருந்தது. படைமுகாம்களின் வழியாகத் தகரக்குவளையில் அடைத்த பன்றியிறைச்சியும் எண்ணெயிற் பொரித்த பண்டங்களும் மக்கள் உணவாயின. ஜப்பானின் பிற பகுதிகளில் அமெரிக்க விரைவுணவகங்கள் பரவுமுன்னரே, 1963இல், ஓக்கினாவாவில் அத்தகைய உணவகம் திறக்கப்பட்டது. போரில் அழிந்த சிறு இருப்புப்பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. ஒற்றைத் தண்டவாள வண்டியும் 2003இல்தான் ஓடத் தொடங்கியது. ஆகவே அண்மையில் உள்ள கடைக்கும் மகிழுந்திலேயே செல்லும் வழக்கம் வேரூன்றியது.

விளைவு என்ன? 2000ஆம் ஆண்டுக் கணக்கில் ஓக்கினாவாவின் ஆண்கள் 26ஆம் இடத்திற்கு வீழ்ந்தனர். அச்செய்தி அத்தீவு மக்களை அதிரவைத்தது. 2020ஆம் ஆண்டுக் கணக்கிலோ ஆண்கள் 43ஆம் இடத்திற்கும் பெண்கள் 16ஆம் இடத்திற்கும் இறங்கினர்.

இவ்வெண்களுக்குப் பின்னே ஒரு துயரம் மறைந்துள்ளது. கிழங்குண்டு வளர்ந்த முதியோர் நலமுடன் வாழ, அவர்களுக்குப் பின் பிறந்தோர் பலர் உடற்பருமன், நீரிழிவு, கல்லீரல் நோய் ஆகியவற்றால் நடுவயதிலேயே மாண்டனர். மைந்தரைப் பெற்றோர் அடக்கம் செய்யும் அவலம் நேர்ந்தது. ஒரே குருதி, ஒரே நிலம், ஒரே கடற்காற்று; மாறியவை உணவும் உழைப்பும் மட்டுமே. ஒரு தலைமுறைக்குள் மரபு மாறிவிடுவதில்லை என்பதை நாம் அறிவோம்.

நகானோவின் எழுச்சி

நகானோ மலைகள் சூழ்ந்த, கடலில்லா மாகாணம். பனிமூடிய நீண்ட குளிர்காலத்தில் பசுங்காய் கிடைப்பதரிது. ஆகவே கீரைகளை மிகுதியாக உப்பிலிட்டு வைத்து உண்டனர்; நாள்தோறும் பருகிய "மிசோ" சாறும் உவர்ப்பு மிக்கது. உப்பு மிகுமாயின் குருதியில் நீர் மிகும். குருதி அழுத்தம் உயரும். மூளையின் குழாய் வெடித்தோ அடைபட்டோ பக்கவாதம் நேரும். 1960களில் பக்கவாத இறப்பு மிகுந்த மாகாணங்களுள் நகானோவும் ஒன்றாக இருந்தது.

இந்நிலையை மாற்ற உழைத்தோருள் மருத்துவர் தோஷிகசு வகாட்சுகி குறிப்பிடத்தக்கவர். 1945இல் சாக்குப் பகுதியின் சிற்றூர் மருத்துவமனைக்கு வந்த அவர், உழவர்கள் நோய் முற்றிய பின்னரே மருத்துவரை நாடுவதைக் கண்டு வருந்தினார். மருத்துவமனையில் காத்திராமல் ஊர்தோறும் சென்றார். மக்கள் அறிவுரையைவிட நாடகத்தை விரும்புவர் என்றறிந்து, நோய்களைப் பற்றி நாடகம் எழுதி, உடன் பணியாற்றுவோரோடு தாமே நடித்தார். 1959இல் யச்சிஹோ என்னும் சிற்றூரில் ஊரார் அனைவர்க்கும் ஆண்டுதோறும் உடற்பரிசோதனை செய்யும் முறை தொடங்கியது. அவர்தம் தொண்டிற்காக 1976இல் மகசேசே விருது வழங்கப்பெற்றது.

மற்றொரு பேருதவி இல்லத்தரசியரிடமிருந்து வந்தது. 1945இல் ஒரு சிற்றூரில், செவிலி ஒருவரின் பணிச்சுமை கண்டு இரங்கிய பெண்கள் அவருக்குத் துணைநின்றனர். அதுவே நலத்தொண்டர் அமைப்பாக மாகாணம் முழுதும் பரவியது. முறைவைத்துப் பொறுப்பேற்ற பெண்கள் வீடுவீடாகச் சென்று சாற்றின் உவர்ப்பைக் கருவிகொண்டு அளந்தனர். உப்பைக் குறைத்துச் சுவைபடச் சமைக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தனர். குளிரும் குருதி அழுத்தத்தை உயர்த்துமாதலால், வீட்டில் ஓர் அறையையேனும் வெதுவெதுப்பாக வைக்கும் இயக்கமும் நடைபெற்றது.

1990இல் நகானோவின் ஆண்கள் சராசரி ஆயுளில் முதலிடம் பெற்றனர். 2010இல் ஆண்கள் 80.88, பெண்கள் 87.18 ஆண்டுகள் என இருபாலாரும் முதலிடம் எய்தினர். காய்கறி மிகுதியாக உண்பதும், முதுமையிலும் வயலில் உழைப்பதும் அம்மக்களின் இயல்பாக உள்ளன.

முடிவுரை

இவ்விரு வரலாறுகளையும் இணைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். நெடுவாழ்வு முன்னோர் வைத்துச் சென்ற சொத்தாக இருப்பினும், பேணாதாரிடம் அது நில்லாது. முன்னோர் வையாதிருப்பினும், முயல்வோர் அதனை ஈட்டலாம். நகானோ மக்கள் அரிய மருந்து எதனையும் கண்டுபிடிக்கவில்லை. உப்பைக் குறைத்தனர், காய்கறியைக் கூட்டினர், உடலைச் சோம்பவிடவில்லை, நோய் முற்றுமுன் பரிசோதித்துக்கொண்டனர். எல்லாவற்றிற்கும் மேலாக, அவற்றைத் தனித்தனியே செய்யாமல் ஊராகக் கூடிச் செய்தனர்.

நாளொன்றுக்கு 5 கிராமிற்குக் குறைவான உப்பே போதுமென உலக நல நிறுவனம் வரையறுத்துள்ளது. ஊறுகாய், கருவாடு, அப்பளம் இன்றி உணவு இறங்காத நம் இல்லங்கள் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும். மாணவச் செல்வங்கள் தம் வீட்டு அடுக்களையிலிருந்தே இதனைத் தொடங்கலாம். விருந்துகளை முன்னின்று நடத்தும் பெரியோர் அவற்றில் அளவைப் பேணி வழிகாட்டலாம். இருபது வயதில் படியும் பழக்கமே அறுபது வயதில் உடலாக நிற்கும். ஓக்கினாவா இழந்ததை நாம் இழவாதிருப்போமாக. நகானோ பெற்றதை நாமும் பெறுவோமாக.