பட்டாளத்திலிருந்து பாடசாலைக்கு

கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், மறையூர், வட்டவடை. இவை கேரளத்தின் எல்லை ஊர்கள். இங்கே பல வீடுகளில் தமிழ்தான் பேச்சு. இங்கிருந்தும் இளைஞர்கள் பட்டாளத்துக்குப் போகிறார்கள்.

பழைய முறைப்படி, ஒருவர் பதினெட்டு வயதில் சேருவார். 15 ஆண்டு வேலை பார்த்தால் பென்ஷன் உண்டு. முப்பத்தைந்து வயதுக்குள் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். வீட்டில் அது பாரம் சுமக்கும் வயது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். பெற்றோருக்கு மருந்து வாங்க வேண்டும். சிப்பாயின் பென்ஷன் இத்தனைக்கும் போதாது. வேறு வேலை கேட்டால், "பட்டம் உண்டா?" என்கிறார்கள்.

அதனால் சிலர் கல்லூரியில் சேருகிறார்கள். முதல் நாளே சங்கடம்தான். பக்கத்தில் பதினெட்டு வயதுப் பையன். ஒருவன் "சேட்டா" என்கிறான். இன்னொருவன் "அங்கிள்" என்கிறான். பாடம் நடத்தும் ஆசிரியரே வயதில் சின்னவராக இருக்கலாம்.

பட்டாளத்தில் விசில் ஊதினால் எழ வேண்டும். எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு, உத்தரவு உண்டு. கல்லூரியில் யாரும் விசில் ஊத மாட்டார்கள். எதை, எப்போது படிப்பது என்று தானே முடிவு செய்ய வேண்டும். உத்தரவைக் கேட்டே பழகியவருக்கு, "இது ஏன் சார்?" என்று கேட்க நாக்கு எழாது.

சிலருக்குச் சண்டை நடந்த இடத்தின் நினைவு தூக்கத்தைக் கெடுக்கும். வெடிச் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்கும். இதைக் கோழைத்தனம் என்று கேலி செய்வது பெரிய தப்பு. இது மனதில் பட்ட காயம். இதற்கு வைத்தியம் உண்டு. பென்ஷன் வாங்கும் முன்னாள் வீரர்களுக்காக, 2003 முதல் இ.சி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டம் நடக்கிறது.

நம் எல்லை ஊர்க்காரருக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. அது மொழி. அவர் பள்ளியில் படித்தது தமிழ். பட்டாளத்தில் பேசியது இந்தி. ஊரில் ஆபீஸ் தாள்கள் மலையாளத்தில் வரும். கல்லூரிப் புத்தகமோ ஆங்கிலம். மூன்று மொழி சரளமாகப் பேசுவார். நான்கு பக்கம் பதில் எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். தமிழே படிக்க விரும்பினால் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது.

ஒரு தாளைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பு தேறி, 15 ஆண்டு படையில் இருந்தவரைச் சில மத்திய அரசு வேலைகளுக்குப் பட்டதாரியாகக் கருதலாம். இது 1986-ல் வந்த உத்தரவு. அதற்காகப் பட்டாளத்தில் ஒரு சான்றிதழ் தருகிறார்கள். அது வேலைக்கு மட்டும்தான். அதைக் காட்டி எம்.ஏ. சேர முடியாது. பலர் இதைக் கல்லூரி வாசலில்தான் அறிகிறார்கள்.

அமெரிக்காவில் 1944-ல் ஒரு சட்டம் வந்தது. போரிலிருந்து திரும்பியவர்களின் படிப்புச் செலவை அரசு ஏற்றது. சில பல்கலைக்கழகத் தலைவர்கள் பயந்தார்கள். படிப்பின் தரம் கெட்டுவிடும் என்றார்கள். 1947-ல் அங்கே கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முன்னாள் வீரர்கள். அவர்கள் நன்றாகவே படித்தார்கள். தலைவர்களின் பயம் வீணானது.

நம் நாட்டில் 2022-ல் அக்னிபத் திட்டம் வந்தது. இதில் சேருபவருக்கு நான்கு ஆண்டுதான் வேலை. நூற்றுக்கு 25 பேர் வரைதான் தொடர்ந்து படையில் இருக்கலாம். மற்றவர்கள் இளம் வயதிலேயே திரும்ப வேண்டும். அவர்களுக்குப் பென்ஷன் இல்லை, ஒரு தொகை உண்டு. ஆகவே படிப்பு இன்னும் அவசியம். இவர்களுக்காக இந்திரா காந்தி திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் தனிப் பட்டப்படிப்பு அறிவித்தார்கள். படையில் பெற்ற பயிற்சிக்கே பாதி மதிப்பெண் புள்ளி கிடைக்கும். மீதியைப் படித்து எடுக்க வேண்டும்.

விவரம் கேட்க ஜில்லா சைனிக வெல்ஃபேர் ஆபீசுக்குப் போகலாம். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பள்ளிச் சான்றிதழையும் கையில் கொண்டு போக வேண்டும். மறையூரிலிருந்து போகிறவருக்கு மலைப்பாதையில் ஒரு நாள் வேலை போய்விடும். ஒரு தாளை மறந்தால் இன்னொரு நாளும் போகும்.