சாக்ரடீஸ் சொல்லாத குறை

அன்புள்ள மாணவிக்கு,

இளைய தலைமுறையின் நடத்தை கெட்டுவிட்டது என்று பள்ளி விழா மேடையில் யாரேனும் பேசத் தொடங்கினால், ஏதென்ஸ் நகரத்துச் சாக்ரடீஸே 2,400 ஆண்டுகளுக்கு முன் இதைச் சொல்லி வருந்தினார் என்ற மேற்கோள் தவறாமல் வந்துவிடுகிறது. சொகுசில் நாட்டம், பெரியோர் உள்ளே வந்தால் எழுந்திராமை, பெற்றோரை எதிர்த்துப் பேசுதல், உணவைக் கண்டதும் அள்ளி விழுங்குதல், கால்மேல் கால் போட்டு அமர்தல் என்று ஒரு குற்றப்பட்டியல் அவர் வாயில் வைக்கப்படுகிறது. அன்றைக்கே இப்படிச் சொன்னார்கள் என்றால் இன்றைய பெரியவர்களின் கவலைக்கு என்ன பொருள் என்று நீ எழுப்பியிருந்த வினாவும் அந்த மேற்கோளையே நம்பி நிற்கிறது. வினா கூர்மையானது, அதைத் தாங்கும் அடித்தளம் பொய்யானது.

அந்த வரிகள் பிளேட்டோவின் உரையாடல்களிலும் இல்லை, சாக்ரடீஸை நேரில் அறிந்த மற்றொருவரான செனபன் எழுதியவற்றிலும் இல்லை. கேம்பிரிட்ஜில் பயின்று, இளம் வயதிலேயே 1906-இல் மறைந்த கென்னத் ஜான் ஃப்ரீமன் என்பவர் பண்டைக் கிரேக்கக் கல்வியைப் பற்றி எழுதிய ஆய்வேடு, ‘ஸ்கூல்ஸ் ஆஃப் ஹெலஸ்’ என்ற பெயரில் 1907-இல் நூலாயிற்று. பழைய ஆசிரியர்கள் இளையோர்மீது அடுக்கிய புகார்களை அவர் தம் சொற்களில் தொகுத்துரைத்த பகுதியே பிற்காலத்தில் கத்தரிக்கப்பட்டு, சாக்ரடீஸின் பெயர் ஒட்டப்பட்டு, உலகமெங்கும் உலவுகிறது. ஒழுக்கம் குறைந்துவிட்டது என்று முறையிடுவோர், இறந்துபோன ஒருவர் சொல்லாததை அவர்மேல் ஏற்றுவதும் ஒழுக்கக் குறைவே என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்தப் பட்டியலின் பெரும்பகுதிக்கு வேர், அரிஸ்டோபனீஸ் எழுதிக் கி.மு. 423-இல் மேடையேறிய ‘மேகங்கள்’ என்ற நகைச்சுவை நாடகத்தில் இருக்கிறது. அதில் ‘நேர்வாதம்’, ‘கோணல்வாதம்’ என்ற இரண்டும் மனித வடிவெடுத்து, ஓர் இளைஞனைத் தத்தம் பக்கம் இழுக்கப் போட்டியிடுகின்றன. நேர்வாதம் பழைய காலத்தைப் புகழ்கிறது: அக்காலச் சிறுவர்கள், பனி கொட்டினாலும் மேலாடையின்றி, தெருவில் வரிசை குலையாமல் யாழ் ஆசிரியரிடம் சென்றார்களாம், விருந்தில் பெரியவர்களுக்கு முன் முள்ளங்கியைக்கூட எடுக்கமாட்டார்களாம், பெரியவர் வந்தால் இருக்கையை விட்டு எழுவார்களாம். இக்காலச் சிறுவர்களோ சின்னஞ்சிறு வயதிலேயே ஹிமாத்தியன் என்னும் நீண்ட போர்வையாடையைச் சுற்றிக்கொண்டு திரிகிறார்கள் என்று அது பொருமுகிறது. இந்த இடத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும். இன்றைய பெரியோர், பிள்ளைகளின் ஆடை போதவில்லை என்று வருந்துகிறார்கள். நேர்வாதமோ ஆடை மிகுந்துவிட்டது என்று வருந்துகிறது. ஆடையின் அளவுகோல் ஊருக்கும் காலத்துக்கும் ஏற்பத் தலைகீழாக மாறக்கூடியது; முதியவருக்கு இடம்விட்டு எழுவது மட்டும் அங்கும் இங்கும் ஒன்றாகவே இருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துப் பேசுவதால்தான் நடத்தையைப் பற்றிய விவாதங்கள் ஆடைச் சண்டைகளாக முடிகின்றன.

ஆனால் இந்த நாடகத்தின் உண்மையான வலிமை நேர்வாதத்தின் புலம்பலில் இல்லை. அதை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் படிக்காமல் விட்டுவிடும் தொடக்கக் காட்சியில் இருக்கிறது. நாட்டுப்புறத்தானாகிய ஸ்ட்ரெப்சியாடீஸ், நகரத்துப் பெருங்குடிப் பெண்ணை மணந்தவன். மகன் பைடிப்பிடீஸ் குதிரைப் பந்தயத்தில் கொண்ட வெறியால் கடனில் மூழ்கிய தந்தை தூக்கமின்றிப் படுத்திருக்கிறான். அந்த வெறி எங்கிருந்து வந்தது என்பதை அவனே சொல்லிவிடுகிறான். பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போதே, குதிரையைக் குறிக்கும் சொல் பெயரில் இருக்க வேண்டும் என்று தாயும், சிக்கனத்தைக் குறிக்கும் தாத்தாவின் பெயர் வேண்டும் என்று தந்தையும் சண்டையிட்டு, இறுதியில் இரண்டையும் ஒட்டிப் பெயரிட்டார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பெரியவனானதும் பகட்டான நீள் அங்கி அணிந்து தேரோட்டி நகருக்குள் வரவேண்டும் என்று தாய் கொஞ்சினாள். தந்தையைப் போலவே தோலாடை உடுத்து மலைச்சரிவில் ஆடு மேய்க்க வேண்டும் என்று தந்தை கொஞ்சினான். மகன் என்ன உடுத்த வேண்டும் என்ற கனவை இருவரும் அவன் பேசத் தொடங்கும் முன்பே அவன்மேல் போர்த்திவிட்டார்கள்.

பிறகு தந்தை செய்வது இன்னும் மோசமானது. கடன்காரர்களை ஏமாற்றும் வாதத்திறனைக் கற்றுவரும்படி மகனை வற்புறுத்தி, சாக்ரடீஸ் நடத்துவதாக நாடகம் கற்பனை செய்யும் சிந்தனைக்கூடத்துக்கு அனுப்புகிறான். மகன் கற்றுத் திரும்புகிறான். விருந்தின்போது பாடலைப் பற்றி எழுந்த தகராறில் தந்தையை அடிக்கிறான். நலம் கருதியே அடித்தேன் என்று நீ சொன்னதுபோல் உன் நலம் கருதி நானும் அடிக்கிறேன் என்று வாதித்தும் காட்டுகிறான். தீய வழியில் நீயே திரும்பினாய், ஆகவே இதற்குக் காரணம் நீயே என்று நாடகத்தின் பாடற்குழுவாக வரும் மேகங்கள் தந்தையிடம் சொல்கின்றன. அவனும் ஒருகணம் ஒப்புக்கொள்கிறான். பின்னர் சிந்தனைக்கூடத்துக்குத் தீ வைத்துவிடுகிறான். பிள்ளை கெட்டதற்குப் பள்ளியையும் ஆசிரியரையும் காரணம் காட்டும் பெற்றோருக்கு இந்த முடிவைவிடப் பொருத்தமான பாடம் கிரேக்க இலக்கியத்தில் வேறில்லை.

இளைஞரைக் கெடுத்தார் என்பது சாக்ரடீஸ்மீது கி.மு. 399-இல் சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று என்பதும், அந்தப் பழைய நகைச்சுவையே தம்மைப் பற்றிய தப்பெண்ணத்தை வளர்த்தது என்று அவர் நீதிமன்றத்தில் பேசுவதாகப் பிளேட்டோ எழுதியிருப்பதும் உனக்குத் தெரிந்தவையே. இளையோரைக் கெடுத்தார் என்று கொல்லப்பட்டவரையே இளையோர்மீது குற்றம் சாட்டியவராக்குவது பெரும் அநீதி. தாயிடம் சினந்திருந்த தம் மூத்த மகன் லாம்ப்ரோக்ளீஸிடம் அவர் பேசிய முறையைச் செனபன் பதிவு செய்திருக்கிறார்: காலத்தைப் பழிக்காமல், நன்றி மறத்தல் என்பது என்ன என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டு, மகனையே விடைகாணச் செய்கிறார். பிளேட்டோவின் ‘லாக்கீஸ்’ உரையாடலில், புகழ்பெற்ற தலைவர்களின் மைந்தர்களான லைசிமக்கஸும் மெலீசியஸும், தம் தந்தையர் பிறர் காரியங்களில் மூழ்கி, இளமையில் தம்மை மனம்போல் திரியவிட்டுவிட்டார்கள் என்று வெட்கத்தோடு கூறி, தம் மக்களை எப்படி வளர்ப்பது என்று கேட்கிறார்கள். அதற்குச் சாக்ரடீஸ் இறுதியில் சொல்லும் அறிவுரை, முதலில் பெரியவர்கள் தமக்கே ஓர் ஆசிரியரைத் தேட வேண்டும், பிறகு பிள்ளைகளுக்குத் தேடலாம் என்பதாகும்.

ஆடைக்கும் நடைக்கும் விதிகள் எழுதுவதில் இன்பம் காண்போர், வெ. சாமிநாத சர்மா ‘பிளேட்டோவின் அரசியல்’ என்று தமிழாக்கித் தந்த ‘குடியரசு’ நூலின் நான்காம் பகுதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். பெரியோர்முன் அடக்கம், இடம்விட்டு எழுதல், பெற்றோர்ப் பேணல், முடி வெட்டும் முறை, உடை, காலணி ஆகியவற்றை அங்கே வரிசையாகச் சொல்லும் சாக்ரடீஸ், இவற்றுக்குச் சட்டம் இயற்றுவது மடமை, நல்ல வளர்ப்பு அமைந்தால் இவை தாமே அமையும் என்கிறார். இதனால் நடத்தைச் சரிவை அவர் அற்பமாகக் கருதினார் என்று கொள்ளக்கூடாது. அதே நூலின் எட்டாம் பகுதியில், தந்தை மகனுக்கு அஞ்சுவதும், ஆசிரியர் மாணவருக்கு முகமன் பாடுவதும், முதியோர் இளையோரைப் பார்த்துத் தாமும் அவ்வாறே ஆடுவதும் ஒரு நாட்டின் நோய்க்குறிகளாகக் காட்டப்படுகின்றன. குறை பழையது என்பதால் குறையே இல்லை என்று ஆகிவிடாது. உன் வினாவில் இருந்த பிழை இதுவே.

பிளேட்டோ முதுமையில் எழுதிய ‘சட்டங்கள்’ நூலின் ஐந்தாம் பகுதி இன்னும் வெளிப்படையானது. பிள்ளைகளுக்குப் பொன்னை விட்டுச்செல்வதைவிட நாணத்தோடு கூடிய மதிப்புணர்வை நிறைய விட்டுச்செல்ல வேண்டும், அது இளையோரைக் கண்டித்துப் பேசுவதால் வராது, அறிவுள்ள சட்டமியற்றுவோன் முதியோரையே எச்சரித்து, இளையோர் கண்ணிலும் காதிலும் படும்படி இழிவானது எதையும் செய்யவோ பேசவோ கூடாது என்பான், முதியோர் நாணமற்ற இடத்தில் இளையோர் மிகவும் நாணமற்றிருப்பர் என்று அங்கே வாதிக்கப்படுகிறது. உணவு மேசையில் கைப்பேசியை விட்டு நிமிராத தந்தை, மகன் முகம் பார்த்துப் பேசுவதில்லை என்று குறைகூறுவதும், வீட்டு வேலைக்கு வரும் முதியவரைப் பெயர் சொல்லி அதட்டும் தாய், மகளுக்குப் பணிவு இல்லை என்று வருந்துவதும் இந்த வாதத்தின் முன் நிற்கமாட்டா. இன்றைய பிள்ளைகளிடம் மரியாதை குறைந்திருக்கிறது என்பது மெய்யானால், கணக்குக் கேட்கப்பட வேண்டியவர்கள் முதலில் அவர்களை வளர்த்தவர்களே.

ஆகவே அடுத்த பேச்சுப்போட்டிக்கு உரை எழுதும்போது, அந்த மேற்கோளையும் அதன் அடியில் இருக்கும் சாக்ரடீஸின் பெயரையும் அடித்துவிட்டு, ‘சட்டங்கள்’ ஐந்தாம் பகுதியை எடுத்துப் படித்து, அதன் கருத்தை முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோரை நோக்கியே, உரிய பணிவோடும் அச்சமின்றியும் எடுத்துச் சொல்.