விலையும் விசுவாசமும்

பொருளியல் வகுப்பில் ‘தேவையின் நெகிழ்ச்சி’ என்னும் பாடம் வரும்போதெல்லாம் ஆசிரியர்கள் உப்பைத்தான் உதாரணமாகக் காட்டுவார்கள். உப்பின் விலை ஏறினால் யாரும் உப்பில்லாமல் உண்பதில்லை. இறங்கினால் யாரும் கூடுதலாக அள்ளிப் போட்டுக்கொள்வதுமில்லை. ஆகவே உப்பின் தேவை நெகிழ்ச்சியற்றது என்பார்கள். நானும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். ஆனால், நண்பர்களே, உப்பைவிடச் சிறந்த உதாரணம் நம் பெங்களூரிலேயே இருக்கிறது. கால்பந்தாட்ட ரசிகனைத்தான் சொல்கிறேன். உப்புக்காவது வேறு கடை உண்டு. தான் நேசிக்கும் அணிக்கு அவன் வேறு கடை தேடிப் போக முடியாது.

என் சித்தப்பா ஆஸ்டின் டவுன்காரர். பட்டறையில் கடைசல் வேலை செய்பவர். அந்தப் பகுதியில் பிறந்தவனுக்குப் பந்து ஒரு பொழுதுபோக்கு அன்று. அல்சூரை அடுத்த கௌதமபுரத்துக்குப் போனால் தெருவிலேயே பெலேவின் சிலை நிற்பதைப் பார்க்கலாம். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா போட்ட ஒரே கோல் பெங்களூர் சாரங்கபாணி இராமனின் காலிலிருந்து புறப்பட்டது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் பெங்களூர் அருமைநாயகம் இருந்தார். இந்தப் பெயர்களைச் சித்தப்பா, மற்றவர்கள் தாத்தா பெயரைச் சொல்வது போலச் சொல்வார்.

இனி விஷயத்துக்கு வருவோம். இரயிலுக்குச் சீசன் டிக்கெட் வாங்குகிறோம் அல்லவா? பந்தாட்டத்துக்கும் அப்படியே ஒன்று உண்டு. அந்தப் பருவத்தில் தம் மைதானத்தில் நடக்கும் எல்லா ஆட்டங்களுக்கும் முன்கூட்டியே பணத்தைக் கட்டிவிட வேண்டும். தனித்தனியே வாங்குவதைவிடக் கொஞ்சம் மலிவு, இருக்கையும் நிச்சயம். கழகத்துக்கோ பந்து உருளுமுன்பே பெட்டி நிறைகிறது. இதில் மறைந்திருக்கும் நுட்பம் என்னவென்றால், அணி நன்றாக ஆடுமா ஆடாதா என்ற கவலை கழகத்தின் தோளிலிருந்து ரசிகனின் தோளுக்கு மாறிவிடுகிறது. நம் ஊர்ச் சீட்டுக் கம்பெனியில் பணம் கட்டுவதற்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை என்று சித்தப்பா சிரிப்பார். சீட்டிலாவது என்றேனும் ஏலம் எடுக்கலாம்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கழகத்தில் ஆயிரம் பேர் ஆளுக்கு 1,500 ரூபாய் கொடுத்துச் சீசன் டிக்கெட் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவு 15 இலட்சம். மறு ஆண்டு விலையை 20 விழுக்காடு ஏற்றி 1,800 ஆக்குகிறார்கள். ஐம்பது பேர் நின்றுவிடுகிறார்கள். மீதி 950 பேரிடமிருந்து வரும் தொகை 17 இலட்சத்துப் பத்தாயிரம். ஐம்பது பேரை இழந்தும் கழகத்துக்கு இரண்டு இலட்சத்துப் பத்தாயிரம் இலாபம்! பொருளாளர் ஏன் விலை ஏற்ற மாட்டார்?

இந்தக் கணக்கை உலகிலேயே துணிச்சலாகப் போட்டுப் பார்ப்பவை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள். அங்கே கால்பந்து என்றால் கையால் தூக்கி ஓடும் அந்நாட்டு ஆட்டம். டென்னசி பல்கலைக்கழகத்தின் நேலண்ட் அரங்கில் இலட்சம் பேர் அமரலாம். நம்மில் பலர் படித்த கல்லூரிகளில் ஆண்டு விளையாட்டு விழாவுக்கு வந்த கூட்டத்தை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்! அந்தப் பல்கலைக்கழகம் 2024 செப்டம்பரில் ஓர் அறிவிப்புச் செய்தது: 2025ஆம் ஆண்டுக்குச் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிப்போர் ‘திறமைக் கட்டணம்’ என்று 10 விழுக்காடு கூடுதலாகத் தரவேண்டும், கால்பந்து டிக்கெட்டின் அடிப்படை விலையும் சராசரி நான்கரை விழுக்காடு உயரும். காரணத்தை அவர்கள் ஒளிக்கவில்லை. அதுவரை ஆட்டக்காரர்களான மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் நேராகப் பணம் தரக்கூடாது என்பது விதி. அந்த வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றது. அதன்படி முதல் ஆண்டில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் சுமார் 2 கோடியே 5 இலட்சம் டாலர் வரை ஆட்டக்காரர்களுக்குப் பகிர்ந்தளிக்கலாம். வியர்வை சிந்துகிறவனுக்குக் கூலி கிடைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கூலி யார் பையிலிருந்து முதலில் எடுக்கப்படுகிறது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். ஆண்டாண்டாக விடாமல் வருகிறானே, அவன் பையிலிருந்து.

அங்கே டிக்கெட்டின் விலை டிக்கெட்டில் அச்சிட்டிருப்பதோடு முடிவதுமில்லை. நல்ல இருக்கை வேண்டுமானால் பல பல்கலைக்கழகங்களில் முதலில் ஒரு ‘நன்கொடை’ கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் டிக்கெட் வாங்கும் உரிமையே வரும். இந்த விந்தையான நன்கொடையில் 80 விழுக்காட்டுக்கு 2017 வரை வருமானவரி விலக்கும் இருந்தது. அவ்வாண்டு நிறைவேறிய வரிச் சட்டம் அதை நீக்கிற்று. (நம் ஊரில் கல்லூரி இடத்துக்கு ‘நன்கொடை’ கேட்பார்கள், அங்கே மைதானத்து இடத்துக்குக் கேட்கிறார்கள். சொல் ஒன்றுதான்.)

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970இல் ‘வெளியேற்றம், குரல், விசுவாசம்’ என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு சிறு நூல் எழுதினார். ஒரு நிறுவனம் தரம் கெட்டால் வாடிக்கையாளன் இரண்டில் ஒன்றைச் செய்யலாம்: விட்டுப் போகலாம், அல்லது இருந்து சண்டை போடலாம். விசுவாசம் உள்ளவன் எளிதில் போகமாட்டான். ஆகவே அவன் கையில் மிஞ்சும் ஆயுதம் குரல். இதற்கு 2016 பிப்ரவரி 6ஆம் நாள் லிவர்பூலில் நடந்தது நல்ல சான்று. புதிய அரங்கப் பகுதியில் உயர்ந்த டிக்கெட்டின் விலை 77 பவுன் என்று கழகம் அறிவித்திருந்தது. சண்டர்லாந்துடன் ஆட்டம்; தம் அணி இரண்டு கோல் முன்னணியில் இருக்கிறது. சரியாக 77ஆம் நிமிடத்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். அதன்பின் சண்டர்லாந்து இரண்டு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்துவிட்டது. சில நாட்களுக்குள் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையேற்றத்தைக் கைவிட்டார்கள். அடுத்த பருவத்திலிருந்து வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட் 30 பவுனுக்கு மேல் போகக்கூடாது என்று அந்நாட்டு முதல்நிலைக் கழகங்கள் எல்லாம் சேர்ந்து முடிவு செய்தன.

ஆனால் குரல் எழுப்பியவர்களைப் பற்றித்தான் ஏடுகள் எழுதும். குரல் எழுப்பாமல் மறைந்து போனவர்களை யார் எண்ணுவார்கள்? மேலே நாம் போட்ட கணக்கில் நின்றுவிட்ட ஐம்பது பேர் யார்? இந்தக் கேள்விக்கு விடை எனக்கு என் வாழ்விலேயே கிடைத்தது.

2016 அக்டோபர் 19, புதன்கிழமை. கண்டீரவா அரங்கில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக் கோப்பையின் அரையிறுதி இரண்டாம் ஆட்டம். எதிரணி மலேசியாவின் ஜோகூர், முந்தைய ஆண்டின் வாகையர். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. மறுநாள் கணக்குப் பரீட்சை. அம்மா முடியாது என்றாள். “அண்ணி, பரீட்சை அடுத்த மாசமும் வரும், இது வருமா?” என்று கேட்டுவிட்டுச் சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். ரிச்மண்ட் சர்க்கிள் வழியாக நடந்தே போனோம். அவர் சட்டைப் பையில் இரண்டு டிக்கெட் இருந்தது.

ஜோகூர்தான் முதலில் கோல் போட்டது. அரங்கம் ஒரு நொடி அடங்கிற்று. பிறகு ‘வெஸ்ட் பிளாக் புளூஸ்’ இளைஞர்கள் முன்னைவிட உரக்கப் பாட ஆரம்பித்தார்கள். 2013இல் கழகம் பிறந்தபோது அசோக் நகர்க் கால்பந்து மைதானத்தின் மேற்குப் பகுதியில் அமர்ந்தவர்கள் அவர்கள். கழகம் கண்டீரவாவுக்கு மாறிய பின்னும் அந்தப் பழைய திசையின் பெயரை விடவில்லை. சுனில் சேத்ரி இரண்டு கோல், உவானான் ஒன்று, 3-1. ஆசியக் கோப்பை ஒன்றின் இறுதியாட்டத்துக்குச் சென்ற முதல் இந்தியக் கழகம் என்ற பெயர் பெங்களூருக்குக் கிடைத்தது. இறுதியில் பாக்தாதின் விமானப்படை அணியிடம் ஒரு கோலில் தோற்றோம். அது வேறு கதை. பரீட்சையிலும் தோற்றேன், அதுவும் வேறு கதை.

அன்று டிக்கெட் இரண்டு மடங்கு விலையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சித்தப்பா வந்திருப்பார். கடன் வாங்கியாவது வந்திருப்பார். நான் வந்திருக்க மாட்டேன். கழகத்தின் ஏட்டில் அவர் பெயர் அப்படியே இருக்கும், வரவும் குறையாது. பக்கத்து இருக்கையில் பணமுள்ள வேறொருவர் உட்கார்ந்திருப்பார். கணக்கன் எந்தக் குறையையும் காண மாட்டான். விசுவாசியின் தேவை நெகிழ்ச்சியற்றது என்பது உண்மை. ஆனால் விசுவாசி தானாக முளைப்பதில்லை. இன்னொரு விசுவாசி அவனைக் கைப்பிடித்து அழைத்து வரவேண்டும். விலையேற்றம் முதலில் வெட்டுவது அந்தப் பிடித்த கையைத்தான். அதன் நட்டம் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துத்தான் ஏட்டில் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. அரங்கத்தின் ஆரவாரம், விற்கப்படும் பொருளில் ஒரு பங்கு. அதை உற்பத்தி செய்பவனும் பணம் கொடுத்து உள்ளே வருபவனே. ஜெர்மனியின் டோர்ட்முண்ட் அரங்கில் தெற்குப் பகுதியில் சுமார் 25,000 பேர் நின்றுகொண்டே பார்க்கிறார்கள். மலிவான இடமும் அதுதான், தொலைக்காட்சியில் எல்லாரும் காட்ட விரும்பும் இடமும் அதுதான். நம் நாட்டிலோ நிலைமை தலைகீழ். 2018 ஜூன் 1 அன்று மும்பையில் சீனத் தைபேயை இந்தியா 5-0 என வென்றபோது பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். சேத்ரி காணொளியில் தோன்றி, திட்டுவதற்காவது மைதானத்துக்கு வாருங்கள் என்று கெஞ்சிய பிறகுதான் 4ஆம் நாள் கென்யாவுடன் நடந்த ஆட்டத்துக்கு அரங்கு நிரம்பிற்று. காலி இருக்கைகள் உள்ள நாட்டில் வந்தவனிடமே மேலும் மேலும் கறப்பது என்ன தொழில் அறிவு என்று எனக்கு விளங்கவில்லை.

நம் நாட்டு வரிச் சட்டம் இதில் தெரிந்தோ தெரியாமலோ ஒரு நல்ல கோடு கிழித்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஐ.பி.எல். கிரிக்கெட் டிக்கெட்டின் ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 40 ஆகிவிட்டது. ஆயிரம் ரூபாய் டிக்கெட்டுக்கு 1,280 கொடுத்த சின்னசாமி அரங்க ரசிகன் இனி 1,400 கொடுக்க வேண்டும். ஆனால் அங்கீகாரம் பெற்ற மற்றப் போட்டிகளுக்கு 500 ரூபாய் வரை வரியே இல்லை. அதைத் தாண்டினால் 18 விழுக்காடு. 500 ரூபாய் டிக்கெட் 500 ரூபாய்தான். 501 ஆக்கினால் ரசிகன் கையிலிருந்து போவது 591. கால்பந்துக் கழகத்துக்கு அந்தக் கோட்டுக்குள் நிற்க இதைவிட என்ன தூண்டுதல் வேண்டும்?

முன்பணம் கட்டுகிறவனின் தோளில் ஏறும் கவலையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக்கை நடத்துவோர், உரிமை ஒப்பந்தம் தீராததால் பருவத்தை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூர்க் கழகம் ஆட்டக்காரர்களின் ஊதியத்தையே நிறுத்தி வைத்தது. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் போட்டி அந்த ஆண்டு முடியும்வரை தொடங்கவே இல்லை. அந்த மாதங்களில் ஒருநாள் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். நீலச் சட்டையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தார்.

“ஆட்டமே இல்லையே சித்தப்பா, எதுக்கு?” என்றேன்.

“நடக்கறப்போ அழுக்குச் சட்டையோடயா போறது?” என்றார். பிறகு, அடுத்த வீட்டுப் பையனுக்கு என்ன அளவு சட்டை சரியாக இருக்கும் என்று என்னைக் கேட்டார். பையனுக்கு ஏழு வயது.