வெட்டுக்கிளி எருமை அளவுக்கு வளர்ந்தால்?



செகிஞ்சான் நெல்வயல் வரப்பில் ஒருநாள் காலையில் நடந்து பாருங்கள். உங்கள் காலடி பட்டதும் வெட்டுக்கிளி ஒன்று துள்ளி ஒரு மீட்டருக்கு அப்பால் போய் விழும். அதன் உடல் நீளமோ 5 சென்டிமீட்டர்தான். அதாவது தன் நீளத்தைப் போல 20 மடங்கு தூரம் தாண்டியிருக்கிறது. ‘அப்படியானால் ஒன்றரை மீட்டர் உயரமுள்ள நான் வெட்டுக்கிளியாகப் பிறந்திருந்தால் 30 மீட்டர் தாண்டுவேனே!’ என்று உங்களுக்குத் தோன்றலாம்.

இந்தக் கணக்கு தவறு. ஏன் தவறு என்று புரிந்துகொண்டால், ஒவ்வொரு விலங்கும் ஏன் தனக்கென்று ஒரு நடையை வைத்திருக்கிறது என்பதும் விளங்கிவிடும்.

கனசதுரம் சொல்லும் பாடம்

1 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்பரப்பு 1 சதுர சென்டிமீட்டர். கன அளவு 1 கன சென்டிமீட்டர். இப்போது அதே போன்ற 8 கனசதுரங்களை அடுக்கி, 2 சென்டிமீட்டர் பக்கமுள்ள பெரிய கனசதுரம் ஒன்றைச் செய்யுங்கள். அடிப்பரப்பு 4 மடங்காகிறது. ஆனால் எடை 8 மடங்காகிறது. ஆகவே அடியில் உள்ள ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்பைவிட இரண்டு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும்.

எலும்பின் வலிமையும் தசையின் இழுவிசையும் அவற்றின் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தவை. எடையோ கன அளவைப் பொறுத்தது. உடல் பெருக்கும்போது எடை எப்போதும் வலிமையை முந்திக்கொண்டு ஓடும். இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். பெரிய விலங்கின் எலும்பு, நீளத்தில் கூடுவதைவிடத் தடிமனில் அதிகமாகக் கூட வேண்டும் என்பதைப் படம் வரைந்தும் காட்டினார்.

நம் வெட்டுக்கிளியை 50 மடங்கு பெரிதாக்குவோம். நீளம் இரண்டரை மீட்டர். 2 கிராம் எடை 1,25,000 மடங்காகி 250 கிலோகிராம் ஆகிவிடும். கால்களின் குறுக்குவெட்டுப் பரப்போ 2,500 மடங்குதான் கூடும். முன்பைவிட 50 மடங்கு சுமை விழுந்தால் அந்த மெல்லிய கால்கள் என்ன ஆகும்? முறிந்துவிடும்.

கால் முறியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது தாண்டும் தூரம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான்! தசை எத்தனை மடங்கு பெரிதாகிறதோ, அத்தனை மடங்கு ஆற்றலைத் தருகிறது. ஆனால் தூக்க வேண்டிய எடையும் அதே மடங்கு கூடிவிடுகிறது. ஆகவே ஆதாயம் ஒன்றுமில்லை. இரண்டரை மீட்டர் வெட்டுக்கிளியால் தன் உடல் நீளத்தைக்கூடத் தாண்ட முடியாது.

எருமையும் கொக்கும்

நம் நாட்டில் இயந்திரங்கள் வருவதற்கு முன் நெல்வயலை உழுதது எருமை. ஏறத்தாழ 400 கிலோகிராம் எடையுள்ள அந்த உடலைத் தாங்கத் தூண் போன்ற கால்கள் வேண்டும். அகன்று விரியும் குளம்புகள் அந்த எடையைப் பரப்பில் பகிர்ந்து, அது சேற்றில் மிக ஆழமாகப் புதையாமல் காக்கின்றன. அதே வயலில் நிற்கும் சிறு வெண்கொக்கின் எடை அரைக் கிலோகிராம் அளவே. அதனால்தான் குச்சி போன்ற நீண்ட கால்களில் அது நிற்க முடிகிறது. நீண்ட விரல்கள் விரிந்து சேற்றின் மேல் உடலைத் தாங்குகின்றன.

இரவில் இந்த வயல்களுக்கு வேறொரு பறவை வருகிறது. நெல்வயல்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் கம்பத்தின் மேல் மரப்பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை எலி பிடிக்கும் கூகைகளுக்கு வைத்த வீடுகள். கூகையின் எடையும் ஏறத்தாழ அரைக் கிலோகிராம்தான். விரித்த சிறகின் நீளமோ ஒரு மீட்டரை நெருங்கும். எடை குறைவு, சிறகுப் பரப்பு அதிகம் என்பதால் மெதுவாகப் பறந்தாலும் அது கீழே விழுவதில்லை. சிறகின் முன்விளிம்பில் உள்ள சீப்புப் பற்கள் போன்ற அமைப்பும், மென்மையான பின்விளிம்பும் காற்றின் ஓசையை அடக்குகின்றன. எலியின் காதுக்கு எதுவும் எட்டாது. நஞ்சு தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் கூகைக்கும் அந்த நஞ்சு கேடு செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மீன் நடக்கும் சேறு

கோலசிலாங்கூர் சதுப்புநிலத்தில் நீர் வற்றும் நேரம் சென்றால், சேற்றின் மேல் நடக்கும் மீனைக் காணலாம். மலாய் மொழியில் இதை ‘பெலாச்சாக்’ என்பார்கள். நீருக்குள் இருக்கும் மீனின் எடையை நீரே தாங்கிக்கொள்கிறது. கரைக்கு வந்தால் அந்தச் சுமை முழுவதும் உடலின் மேல் விழும். பெலாச்சாக்கின் முன் துடுப்புகள் முழங்கை போல மடங்கக் கூடியவை. ஊன்றுகோல் பிடித்தவரைப் போல இரண்டையும் ஒன்றாக ஊன்றி உடலை முன்னே தள்ளுகிறது. அவசரம் என்றால் வாலை வளைத்து, சட்டென்று நிமிர்த்தித் தாவுகிறது. இதில் பெரிய இனமே ஒரு சாண் அளவுதான் வளரும். சிறிய உடல் என்பதால் இந்தத் தந்திரம் பலிக்கிறது. கரை ஒதுங்கிய திமிங்கிலமோ தன் எடையாலேயே நசுங்கி மூச்சுவிடத் திணறும்.

மெலாவாத்தி குன்றின் குரங்குகள்

புக்கிட் மெலாவாத்தியில் இரண்டு வகைக் குரங்குகள் உண்டு. நீண்ட வால் கொண்ட பழுப்பு நிறக் ‘கெரா’ ஒன்று. வெள்ளி பூசியது போன்ற உரோமமுடைய ‘லோத்தோங்’ மற்றொன்று. எடையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை, உடலமைப்பில் உண்டு. லோத்தோங்கின் பின்னங்கால்கள் முன்னங்கால்களைவிட நீளமானவை. மரத்துக்கு மரம் தாவ அவை வில்லாகின்றன. உடலைவிட நீளமான வால் சமநிலை தருகிறது. கெரா மரத்திலும் தரையிலும் வசதியாகத் திரியும்.

தாவும் தூரத்துக்கு எல்லை உண்டு என்று வெட்டுக்கிளியிடம் கற்றோம் அல்லவா? சாலை போடுவதற்காக இரு மரங்களுக்கிடையே உள்ள இடைவெளி அந்த எல்லையைத் தாண்டிவிட்டால், இலை உண்ணும் குரங்கு தரைக்கு இறங்கியே ஆக வேண்டும். அங்கே வாகனங்கள் காத்திருக்கின்றன. பினாங்கு, தெலுக் பஹாங்கில் 2019-இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பழைய தீயணைப்புக் குழாய்களால் சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டினார்கள். ஒரு விலங்கின் உடலளவையும் நடையையும் அறிந்தவர்களால்தான் அதற்குப் பொருத்தமான பாலத்தைக் கட்ட முடியும்.

அடுத்த முறை மெலாவாத்திக்குப் போனால், ரொட்டியைக் காட்டிக் குரங்கைச் சாலைக்கு அழைக்காதீர்கள். அது மரத்தில் தாவுவதை நின்று பாருங்கள்.

சிந்தித்துப் பாருங்கள்

1. கனசதுரத்தின் பக்கம் 3 சென்டிமீட்டர் ஆனால், அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் தாங்கும் சுமை எத்தனை மடங்காகும்?

2. தென்னை மரத்திலிருந்து விழும் எறும்புக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன்? (எடையையும் உடற்பரப்பையும் ஒப்பிடுங்கள்.)

3. யானை எவ்வளவு விரைந்து சென்றாலும் நான்கு கால்களையும் ஒரே நேரத்தில் தரையிலிருந்து தூக்குவதில்லை. காரணம் என்னவாக இருக்கும்?